ஏரிக்கு மேலே மிதக்கும் கெண்டை

கேள்வி: எங்கள் ஊர் ஏரியை நேரில் உட்கார்ந்து நீர்வண்ணத்தில் வரைகிறேன். கரை, பனைகள், தண்ணீர் எல்லாம் சரியாக வருகின்றன. வானத்தில் மிதக்கும் பெரிய கெண்டை மீனைச் சேர்த்தால் மட்டும் வெட்டி ஒட்டியதுபோல் இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: எதைப் பார்த்து மீனை வரைந்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. செல்போன் படத்தில் பக்கவாட்டாகக் கிடக்கும் மீன் என்று ஊகிக்கிறேன். அடிவானத்தை ஒட்டித் தொலைவில் மிதக்கும் மீனுக்கு அது பொருந்தும். தலைக்கு மேலே மிதப்பது என்றால் வயிறுதான் தெரியவேண்டும். சந்தையில் ஒரு கெண்டை வாங்கி, நீங்கள் வழக்கமாக வரையும் நேரத்தில், அதே கரையில், கண்மட்டத்துக்கு மேலே நூலில் தொங்கவிட்டுப் பாருங்கள். (காக்கைகளுக்கு நான் பொறுப்பல்ல.) வெயில் படும் செம்மண் கரைக்கு மேலே அந்த வயிறு வெள்ளையாக இருக்காது, மண்ணின் நிறம் ஏறியிருக்கும்.

அடுத்து நிழல். பனையின் நிழல் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே மீனின் நிழலும் விழவேண்டும். சூரியன் 45 பாகையில் இருந்தால், மீன் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவு தள்ளி நிழல் விழும். பிம்பத்தை இதனோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அது சூரியனைப் பார்ப்பதில்லை. மீனுக்கு நேர் கீழே, நீர்மட்டத்திலிருந்து அதே அளவு ஆழத்தில் தெரியும். அந்த இடம் கரையிலோ தாளுக்கு வெளியிலோ போய்விட்டால் பிம்பமே வேண்டாம். கலங்கிய ஏரியில் நிழல் நன்றாகத் தெரியும், தெளிந்த நீரில் அவ்வளவாகத் தெரியாது.

ஓவியர் பீட்டர் ப்ரூகல் 1565இல் வரைந்த ‘பனியில் வேட்டைக்காரர்கள்’ வியன்னாவில் இருக்கிறது. இணையத்தில் பெரிதாக்கிப் பாருங்கள். கீழே பனி மூடிய கிராமம், உறைந்த குளங்களில் விளையாடும் மக்கள். வலது மேல்மூலையில் செங்குத்தான பாறைச் சிகரங்கள். அவர் வாழ்ந்த தட்டையான நாட்டில் அப்படி மலையே கிடையாது. இத்தாலிக்குப் போய்வந்தபோது ஆல்ப்ஸில் பார்த்ததைத் தம் கிராமத்துக்குப் பின்னால் கொண்டுவந்து நட்டுவிட்டார். ஆனாலும் உறுத்துவதில்லை. வானத்தின் சாம்பல் பச்சையே குளத்துப் பனிக்கட்டியிலும் இருக்கிறது. கிராமத்தில் கிடக்கும் பனியே சிகரத்திலும் கிடக்கிறது. இடம்தான் பொய், பருவம் பொய்யில்லை.

நீர்வண்ணத்தில் இன்னொரு சங்கடம் உண்டு: அடர் நிறத்தின்மேல் வெளிர் நிறம் ஏறாது. ஆகவே வானத்தை முடித்த பிறகு மீனை நினைக்காதீர்கள். பென்சிலில் முதலிலேயே வரைந்துகொண்டு, வானத்தின் முதல் மெல்லிய பூச்சை மீனின்மேலும் சேர்த்தே ஓடவிடுங்கள். பிறகு அல்ட்ராமரின் நீலமும் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பும் கலந்த சாம்பலை மேகத்தின் அடிப்பகுதிக்கும் மீனின் முதுகுக்கும் ஒரே கிண்ணத்திலிருந்து எடுங்கள். மீனுக்கென்று புதிய நிறம் ஒன்றைத் திறந்தால் அது மறுபடியும் ஒட்டுத்துண்டாகிவிடும்.

காய்ந்ததும் செல்போனில் படமெடுத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். கரையோரப் பனையைவிட மீன் கறுத்திருந்தால், சுத்தமான ஈரத் தூரிகையால் நிறத்தைக் கொஞ்சம் ஒற்றி எடுங்கள். வால் பக்கத்து ஓரத்தை மட்டும் வானத்தோடு கரைத்துவிடுங்கள். செதில்களை எண்ணி எண்ணி வரைய வேண்டாம்.