கொதித்த நீரும் கழுவாத கோப்பையும்: கேள்வி பதில்

இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் பொதுச் சுகாதாரப் பரிசோதகராகப் பணியாற்றி ஓய்வுபெற்ற ஒருவர், வீட்டில் கிருமி பரவாமல் தடுப்பது பற்றிய கேள்விகளுக்கு அளித்த பதில்கள்.

மஸ்கெலியா: பீலித் தண்ணீரை (மலையிலிருந்து குழாய் வழியே வரும் நீரை) கொதிக்கவைத்துத்தான் குடிக்கிறோம், ஐயா. அப்படியிருந்தும் பிள்ளைகளுக்கு அடிக்கடி வயிற்றோட்டம் வருகிறதே?

பதில்: கொதித்து ஆறிய பிறகு அந்த நீர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். நான் ஏறி இறங்கிய காம்பராக்கள் (தோட்டத்து லயன் அறைகள்) பலவற்றில், அது வாயகன்ற சருவத்தில் இருக்கும். அதன்மேல் ஒரு தட்டு, தட்டின்மேல் ஒரு கோப்பை. கொழுந்து பறித்துவிட்டு வந்தவரும், மலசலகூடம் போய் வந்த பிள்ளையும் அதே கோப்பையை விரல் நனைய உள்ளே விட்டு நீர் மொள்வார்கள். விறகைச் செலவழித்து அடுப்பில் கொன்ற கிருமிக்குப் பதிலாக விரல் வழியே புதிய கிருமியைக் குடியேற்றுகிறோம். ஆகவே நீரைக் கொதித்த கேத்தலிலேயே மூடி வைத்து, சரித்து ஊற்றிக் குடியுங்கள். மலசலகூடம் சென்ற பின்னும், குழந்தையைக் கழுவிவிட்ட பின்னும், சமைப்பதற்கும் உண்பதற்கும் முன்னும் சவர்க்காரமிட்டு 20 விநாடிகளாவது கை கழுவுங்கள். களைகொல்லி வந்த கலனை எத்தனை முறை கழுவினாலும் அதில் குடிநீர் பிடிக்காதீர்கள்.

ஹட்டன்: வீட்டைத் துடைக்கக் குளோரின் திரவத்தை எந்த அளவில் கலப்பது?

பதில்: போத்தலில் 5 சதவீதம் என்று எழுதியிருந்தால், 20 மில்லிலீற்றர் எடுத்து, மொத்தம் 1 லீற்றர் வரும்வரை நீர் சேருங்கள், 0.1 சதவீதக் கரைசல் கிடைக்கும். கதவுக் கைப்பிடிக்கும் மலசலகூடத் தரைக்கும் இது போதும். முதலில் சவர்க்கார நீரால் அழுக்கை நீக்கிவிடுங்கள். அழுக்கு இருந்தால் குளோரினின் வலிமை அதிலேயே செலவாகிவிடும். பூசிய பின் 10 நிமிடம் விட்டுத் துடையுங்கள். கரைசலை அன்றன்றே கலக்க வேண்டும். மலசலகூடம் கழுவும் அமிலத்தை இதனுடன் ஒருபோதும் சேர்க்காதீர்கள். நச்சு வாயு கிளம்பும்.

பண்டாரவளை: மஞ்சள் நீர் தெளித்தால் கிருமி சாகாதா?

பதில்: வாசலுக்கு அழகுதான். சவர்க்காரத்துக்கு ஈடாகாது.

நுவரெலியா (விஞ்ஞான ஆசிரியர்): எங்கள் ஊரில் நீர் 100 பாகையை எட்டுவதற்கு முன்பே கொதித்துவிடுகிறது. அப்படியாயின் கொதிக்கவைப்பதில் பயன் உண்டா?

பதில்: நல்ல கேள்வி. ஏறத்தாழ 300 மீற்றர் ஏறுவதற்கு 1 பாகை வீதம் கொதிநிலை குறைகிறது. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருப்பதால் அங்கே நீர் சுமார் 94 பாகை செல்சியஸில் கொதிக்கும். ஆனால் கிருமி சாவதற்கு 100 பாகை தேவை என்று யார் சொன்னது? பாலைக் காய்ச்சிப் பதப்படுத்தும் ஆலைகளில் 72 பாகையில் 15 விநாடிகள் வைப்பதே வழக்கம். செங்கண்மாரியை (மஞ்சள் காமாலையை) உண்டாக்கும் வைரசுகளில் சூட்டைச் சற்றுத் தாங்கக்கூடிய ஹெப்பற்றைற்றிஸ் ஏ கூட, 85 பாகையில் ஒரு நிமிடத்தில் செயலிழந்துவிடும். கேத்தல் நீர் 70 பாகையைத் தாண்டி 94ஐ எட்டுவதற்குள்ளேயே வேலை பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. நன்றாகத் தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்கவிட்டால் போதும்.

தலவாக்கலை: மன்னிக்கவும், ஐயா. கடலையே வேகாத சூட்டில் கிருமி எப்படிச் சாகும்?

பதில்: கடலை வேகுவது வேறு, கிருமி சாவது வேறு. கடலையின் உள்வரை நீரும் சூடும் புகுந்து அதன் மாவுச்சத்தை மென்மையாக்க நேரம் வேண்டும். கிருமியோ கண்ணுக்குத் தெரியாத அளவுடையது. அதன் புரதம் நொடிகளில் உருக்குலைந்துவிடும். 100 பாகையையும் தாங்கி நிற்பவை சில பக்ரீரியாக்களின் வித்துகள், அதாவது தடித்த உறைக்குள் உறங்கும் வடிவங்கள். அவற்றுக்காகத்தான் வைத்தியசாலைகளில் கருவிகளை அழுத்தக் கலத்தில் 121 பாகையில் வைக்கிறார்கள். பீலித் தண்ணீரால் வரும் வயிற்றோட்டத்துக்கும் நெருப்புக்காய்ச்சலுக்கும் (டைபாய்டு) அந்த வித்துகள் காரணமல்ல.

நுவரெலியா (மற்றொருவர்): 3 நிமிடம் கொதிக்கவைக்க வேண்டும் என்று படித்தேனே?

பதில்: அது 2,000 மீற்றருக்கு மேலே வசிப்பவர்களுக்கான விதி. இலங்கையின் மிக உயர்ந்த மலையான பிதுருதலாகலையின் உச்சியில் குடித்தனம் நடத்துவதாக இருந்தால் அவசியம் பின்பற்றுங்கள். விறகும் எரிவாயுவும் உங்களுக்கு மலிவாகக் கிடைக்குமாயின் கீழே இருந்தும் பின்பற்றலாம், கெடுதல் இல்லை.

ஹப்புத்தளை: அப்பாவுக்குக் காசநோய் என்று சொல்லிவிட்டார்கள். தட்டு, கோப்பை எல்லாம் தனியாக வைத்திருக்கிறோம். வேறு என்ன செய்வது?

பதில்: தட்டைப் பிரித்து அவரை வருத்த வேண்டாம், பிள்ளை. காசநோய் பாத்திரத்தால் பரவுவதில்லை; இருமும்போது காற்றில் கலக்கும் நுண்துளிகளால் பரவுகிறது. குளிருக்குப் பயந்து ஜன்னலைச் சாத்தி, ஒரே காம்பராவில் ஆறு பேர் படுப்பதுதான் ஆபத்து. பகலில் ஜன்னலையும் கதவையும் திறந்து வையுங்கள். வெயில் வரும் நேரத்தில் அவர் இஸ்தோப்பில் (வீட்டு முன்திண்ணையில்) அமரட்டும். இருமும்போது வாயை மூடிக்கொள்ளட்டும். முதற் சில வாரங்களில் குழந்தைகள் அவரருகே படுக்க வேண்டாம். மாத்திரைக்குக் கட்டுப்படும் சாதாரணக் காசநோயாயின், ஒழுங்காக மருந்து எடுக்கத் தொடங்கிய சில வாரங்களிலேயே தொற்றும் தன்மை வெகுவாகக் குறைந்துவிடும். இருமல் நின்றுவிட்டது என்று மருந்தை நிறுத்தக் கூடாது. வழக்கமான சிகிச்சை 6 மாதங்கள். வீட்டிலுள்ள அனைவரையும், குறிப்பாக 5 வயதுக்குட்பட்டவர்களை, மார்புநோய்ச் சிகிச்சை நிலையத்தில் காட்டுங்கள்.

பதுளை: சாம்பிராணிப் புகை போட்டால் கிருமி போகுமா?

பதில்: போகாது.

வெலிமடை: கற்பூரம்?

பதில்: அதுவும் போக்காது. வேப்பிலைக்கும் இதுவே பதில். யாரும் தனியாகக் கேட்க வேண்டாம்.

கொட்டகலை: குளோரினுடன் அமிலத்தையும் ஊற்றினால் மலசலகூடம் இன்னும் வெளுக்கும் என்கிறார்கள்.

பதில்: மேலே எழுதியதை வாசிக்காமல் கேட்கிறீர்கள். ஜன்னலில்லாத சிறிய அறையில் அந்த இரண்டையும் சேர்ப்பவர் மூச்சுத் திணறி விழுவார். சேர்க்காதீர்கள்.

அக்கரப்பத்தனை: எட்டு மாதக் குழந்தைக்கு இரண்டு நாளாக வயிற்றோட்டம், கண் உள்வாங்கியிருக்கிறது. வீட்டை எதனால் துடைப்பது?

பதில்: துடைப்பதை விட்டுவிட்டு இப்போதே வைத்தியசாலைக்குப் புறப்படுங்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள்; வழிநெடுக ஜீவனிக் கரைசலை (இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்யும் கரைசலை) கரண்டி கரண்டியாகக் கொடுத்துக்கொண்டே செல்லுங்கள்.

தலவாக்கலை: கிருமி விடயம் விளங்கிவிட்டது, ஐயா. ஆனால் கடலை இன்னும் வேகவில்லை.

பதில்: முதல் நாள் இரவே ஊறப்போட்டு, மறுநாள் பிரஷர் குக்கரில் வையுங்கள்.