பூஜ்யமா, கோடா?

அன்புள்ள ஐயா,

சேலத்துக்குப் பக்கத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் வேலை பார்க்கிறேன். இந்த செமஸ்டரில் எம்.டெக். ஐ.டி. பிள்ளைகளுக்கு ரிசர்ச் மெத்தடாலஜி எடுக்கச் சொல்லிவிட்டார்கள். ஐந்து யூனிட், முப்பது பீரியட், அதிலும் இரண்டு யூனிட் காப்புரிமைக்குப் போய்விடுகிறது. பெரும்பாலும் கிராமத்துப் பிள்ளைகள், ஆர்வம் இல்லை. காகிள் என்ற இணையதளத்திலிருந்து ஒரு டேட்டாசெட்டை இறக்குகிறார்கள், மீதியை சாட்ஜிபிடி எழுதிக் கொடுத்துவிடுகிறது. சொல்லவே வெட்கமாக இருக்கிறது, நானும் என் எம்.இ. ப்ராஜெக்டில் சர்க்கரை நோய் டேட்டாசெட்டைத்தான் வைத்து ஒப்பேற்றினேன். என் கேள்வி இதுதான்: லிட்டரேச்சர் சர்வேயை (ஏற்கெனவே வந்த ஆய்வுகளைத் தேடிப் படிப்பதை) முதலில் நடத்துவதா, புள்ளியியலை முதலில் நடத்துவதா? நீங்கள் புள்ளியியல் துறையில் இருந்தவர் என்பதால் கேட்கிறேன். பெயர் வெளியிட வேண்டாம்.

*

அன்புள்ள டீச்சருக்கு,

உங்கள் கடிதம் வந்த வாரம் நான் அந்தச் சர்க்கரை நோய் டேட்டாசெட்டோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

முதலில் திட்டிவிடுகிறேன். ‘கிராமத்துப் பிள்ளைகள், ஆர்வம் இல்லை’ என்று ஒரே மூச்சில் எழுதியிருக்கிறீர்கள். இரண்டுக்கும் என்ன சம்பந்தம்? வாழப்பாடியிலிருந்தும் ஓமலூரிலிருந்தும் விடிகாலையில் கிளம்பி பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருகிற பிள்ளைக்கு ஆர்வம் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது. அவர்களில் சிலர் வீட்டிலாவது மரவள்ளி போட்டிருப்பார்கள். கிழங்கு லோடு ஜவ்வரிசி ஆலைக்குப் போனால் மாவுச்சத்து எத்தனை பாயிண்ட் என்று பார்த்துத்தான் விலை. இரண்டு பாயிண்ட் குறைத்துச் சொன்னால், ‘எந்த மூட்டையிலிருந்து எடுத்தீங்க, என் கண் முன்னாடி இன்னொரு தடவை போடுங்க’ என்று சண்டைக்கு நிற்கிற அப்பாக்கள் அவர்கள். சாம்பிளையும் கருவியையும் சந்தேகப்படுவது அந்த வீடுகளில் சோற்றுப் பிரச்சினை. நீங்கள் பவர்பாயிண்டில் ‘வேலிடிட்டி, ரிலையபிலிட்டி’ என்று இரண்டு கட்டம் போட்டுக் காட்டினால் பிள்ளைகள் தூங்கத்தான் செய்வார்கள்.

சாட்ஜிபிடி பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. அது வருவதற்கு முன்பு சீனியரின் ரெக்கார்டு இருந்தது. பிளேஜியரிசமும் அப்படித்தான். யூஜிசியின் 2018 விதி, பிறர் எழுத்தோடு 10 சதவீதம் வரை ஒத்துப்போனால் கண்டுகொள்வதில்லை என்பதால், எல்லாரும் அந்தப் பத்துக்குக் கீழே கொண்டுவர வாக்கியத்தைத் திருப்பித் திருப்பிப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஒரு வரிகூட நகல் எடுக்காமல் முழுப் பொய்யாகவே ஒரு தீசிஸ் எழுதலாம், மென்பொருள் சந்தோஷமாக ஒப்புக்கொள்ளும்.

சர்க்கரைக்கு வருகிறேன். போன மாதம் ஒரு கல்லூரியில் தமிழ் மன்றத்தில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள் (உங்கள் கல்லூரி இல்லை, பயப்படாதீர்கள்). பேசி முடித்ததும் மாணவர்களின் ப்ராஜெக்ட் கண்காட்சிக்கு அழைத்துப் போனார்கள். சர்க்கரை நோயைக் கணிக்கும் நிரல் ஒன்றை ஒரு பையன் காட்டினான். 98 சதவீதம் சரியாகச் சொல்கிறதாம். யாருடைய விவரம் தம்பி இது என்றேன். ‘768 பேஷண்ட்ஸ் சார்.’ எந்த ஊர்க்காரர்கள்? ‘காகிள் சார்.’

நான் சிரித்திருக்கக் கூடாது. பையன் முகம் சுண்டிப்போய்விட்டது. பக்கத்தில் உட்கார்ந்து, அந்த ஃபைலைத் திற என்றேன். எண்களாக ஓடியது. ரத்த அழுத்தம் என்ற பத்தியில் 72, 66, 64 என்று வந்துகொண்டே இருந்து திடீரென்று ஓரிடத்தில் 0. இன்னும் கொஞ்சம் கீழே போனால் இன்னொரு 0. ரத்த அழுத்தம் பூஜ்யம் என்றால் ஆள் உயிரோடு இல்லையே தம்பி, இறந்தவருக்குச் சர்க்கரை வருமா வராதா என்று உன் நிரல் கணித்திருக்கிறதே என்றேன். அவனும் அந்தப் பத்தியை அப்போதுதான் முதல்முறையாகப் பார்க்கிறான். அவன் கைடும் அப்போதுதான் பார்த்தார்.

வீட்டுக்கு வந்து மகனின் லேப்டாப்பில் எண்ணிப் பார்த்தேன். ரத்த அழுத்தம் பூஜ்யமானவர்கள் 35 பேர். இன்சுலின் பூஜ்யமானவர்கள் 374 பேர், கிட்டத்தட்டப் பாதி. எதுவும் பூஜ்யம் இல்லை டீச்சர், எல்லாம் அளக்காதது. யாரோ ஒருவர் காலி இடத்தில் 0 என்று நிரப்பிவிட்டார், அன்றிலிருந்து உலகம் முழுக்க எம்.டெக். பிள்ளைகள் அதைக் கூட்டி வகுத்துச் சராசரி எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். கொஞ்சம் விவரமான பிள்ளைகள் பூஜ்யத்தை எடுத்துவிட்டு நடு எண்ணைப் போடுகிறார்கள், அதாவது பாதிப் பேருக்கு இன்சுலின் அளவை நாமே எழுதிவிடுகிறோம். அந்த 98-ம் அப்படித்தான், பயிற்சிக்குக் கொடுத்த வரிகளையே திரும்பச் சோதனைக்கும் கொடுத்திருந்தான். 768-ல் 500 பேருக்குச் சர்க்கரை இல்லை. ‘யாருக்கும் இல்லை’ என்று ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தாலே 65 மதிப்பெண் கிடைத்துவிடும்.

அந்த 768 பேரும் பெண்கள். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்துப் பிமா பழங்குடியினர், எல்லாருக்கும் வயது 21 அல்லது அதற்கு மேல். ஹீலா ஆற்றுப் பாசனத்தில் விவசாயம் செய்த சனம். மேலே குடியேறியவர்கள் ஆற்றை மடக்கிக்கொண்டதால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் காடு கழனி காய்ந்துபோனது. பிற்பாடு அந்த வீடுகளில் சர்க்கரை நோய் புகுந்தது, டாக்டர்கள் வந்து வருஷக்கணக்கில் ரத்தம் எடுத்தார்கள். அந்தப் பெண்களின் ரத்தம்தான் கண்காட்சிப் பையனின் ஸ்கிரீனில் ஓடியது. வயல் பார்த்துப் பார்த்து ஓய்வு பெற்ற எனக்கு இது தெரிந்திருக்க வேண்டியதில்லை, ஆனால் அவன் தெரிந்துகொண்டிருக்க வேண்டும்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்றால், இந்தப் பூஜ்யத்துக்காக ஏழாவது படிக்கும்போது நான் மாட்டிக்கொண்டவன். அப்பா சேர்வராயன் மலையில் ஒரு காபித் தோட்டத்தில் ரைட்டர். (தோட்டத்தில் ரைட்டர் என்றால் செக்ரோல், அதாவது ஆட்களின் வருகைப் பதிவேடு எழுதுகிறவர். நான் கதை எழுத ஆரம்பித்தபோது, ‘நம்ம குடும்பத்தில் இரண்டாவது ரைட்டர்’ என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.) ஆபீசுக்கு முன்னால் புல்தரையில் மழைமானி. தினமும் காலையில் புனலை எடுத்து, உள்ளே இருக்கும் பாட்டிலை அளவுக் கண்ணாடியில் சாய்த்து, கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்து, எத்தனை இஞ்ச், எத்தனை சென்ட் என்று பதிவேட்டில் எழுதுவார். மழை இல்லாத நாளில் 0. அளக்க முடியாமல் போன நாளில் ஒரு சின்னக் கோடு, பக்கத்தில் ரிமார்க்ஸ் என்ற பத்தியில் காரணம். ‘புனலில் இலை அடைப்பு.’ ‘நாய் தட்டிவிட்டது.’

ஒரு மார்ச் மாதம், துக்க வீட்டுக்காக அப்பா இரண்டு நாள் சேலத்துக்கு இறங்கினார், அளக்கும் வேலையை என்னிடம் விட்டுவிட்டு. முதல் நாள் ராத்திரியே மழை கொட்டியது. காலையில் பெரிய மனுஷன் மாதிரி போய்ப் பாட்டிலைத் தூக்கினேன், கை வழுக்கி மொத்தமும் புல்லில் கொட்டிவிட்டது. பயத்தில் 0 என்று எழுதி வைத்தேன். அப்பா வந்து கேட்டபோது, மேல் பக்கம் மட்டும்தான் பெய்தது என்றேன். மலையில் அது நடக்கிற விஷயம்தான், ஒரு சரிவில் பெய்யும், அடுத்த சரிவில் புழுதி பறக்கும். அப்பா நம்பிவிட்டார்.

எனக்குத் தெரியாதது, காபிச் செடி ஒரு கணக்கு வைத்திருக்கும் என்பது. கோடையில் முதல் நல்ல மழை விழுந்து எட்டு, பத்து நாளில் மொட்டு ஒரே மூச்சாக விரியும். ஒன்பதாம் நாள் விடியும்போது ஆபீசைச் சுற்றி இருந்த செடியெல்லாம் வெள்ளை வெளேரென்று நிற்கிறது, மல்லிகை மாதிரி வாசனை வேறு. அப்பா வாசலில் நின்று பூவைப் பார்த்தார், உள்ளே போய்ப் பதிவேட்டைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார்.

அடிக்கவில்லை. அந்தப் பூஜ்யத்தை, கீழே இருப்பது தெரிகிற மாதிரி ஒரே கோட்டில் அடித்தார். பக்கத்தில் கோடு போட்டு, ரிமார்க்ஸில், ‘அளக்கவில்லை. மகன் நீரைக் கொட்டிவிட்டு மறைத்தான்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். வாராவாரம் முதலாளி வந்து பார்க்கிற பதிவேடு! நான் ரெண்டு நாள் சாப்பிடவில்லை. ‘பெய்யலைன்னா பூஜ்யம் போடு, பார்க்கலைன்னா கோடு போடு, இதுல என்னடா கஷ்டம் உனக்கு’ என்று மட்டும் கேட்டார், அதுவும் ராத்திரி சோறு போடும்போது அம்மா கேட்கச் சொன்னதால்.

பின்னால், விளைச்சலை மதிப்பிடுகிற பயிர் அறுவடைப் பரிசோதனைக்கு வயல் வயலாகப் போன காலத்திலும் இதே கூத்துதான். தென்மேற்கு மூலையில் நின்று, ரேண்டம் எண் சொல்கிற இடத்துக்குப் போய் ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் கட்டம் கட்டி அறுக்க வேண்டும். பெருமைக்காரர் கையைப் பிடித்து நல்ல மூலைக்கு இழுப்பார், பயிர் இன்சூரன்ஸ் கட்டியவர் கெட்ட மூலைக்கு இழுப்பார். உங்கள் பிள்ளைகள் கூகுள் ஃபார்மை வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டு ‘சர்வே’ என்கிறார்களே, அவர்களைக் கையைப் பிடித்து இழுக்கக்கூட ஆள் தேவையில்லை.

எதை முதலில் நடத்துவது என்று கேட்டிருந்தீர்கள். எதையாவது நடத்துங்கள். ஆனால் அதற்கு முன்பு ஒரு சனிக்கிழமை அவர்களை ஏற்காடு பஸ்ஸில் ஏற்றுங்கள். இருபது கொண்டை ஊசி வளைவு இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் எண் போட்டிருக்கிறது. இரண்டிரண்டு பேராக ஒவ்வொரு வளைவுக்கும் பிரித்து, நெட் வேகத்தைக் காலையிலும் மத்தியானமும் அளக்கச் சொல்லுங்கள். சிக்னலே கிடைக்காத இடத்தில் சோதனை தொடங்காமலே நின்றுவிடும். அங்கே எழுத வேண்டியது 0-வா, கோடா? விட்டுவிட்டுச் சராசரி எடுத்தால் மலை முழுக்க நெட் பறக்கிற மாதிரி தெரியும், 0 போட்டால் வேறு மாதிரி தெரியும், போனில் சார்ஜ் தீர்ந்ததால் அளக்காமல் போனதையும் சிக்னல் இல்லாததையும் ஒரே கோட்டில் போட்டால் அது இன்னொரு தப்பு. பஸ்ஸிலேயே சண்டை வந்துவிடும், வரட்டும்.

உங்கள் எம்.இ. ப்ராஜெக்டுக்காக வெட்கப்படாதீர்கள் அம்மணி. முடிந்தால் அதையே முதல் வகுப்பில் திறந்து காட்டுங்கள், 35 பூஜ்யத்தையும் பிள்ளைகளே தேடிப் பிடிக்கட்டும்.

ஏற்காட்டுக்குப் போகும்போது நோட்டில் ரிமார்க்ஸ் பத்தியை அகலமாகக் கோடு போடச் சொல்லுங்கள். வளைவுகளில் குரங்குத் தொல்லை உண்டு. போனைப் பிடுங்கிக்கொண்டு போனால் அதையும் எழுதட்டும், மணியோடு.