என்கோடிங் முடியும் முன்பே வீடியோவைப் பிரவுசரில் காட்ட முடியுமா?

கேள்வி: பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். எடிட் முடிந்த கல்யாண வீடியோவை எங்கள் சர்வரில் எஃப்எஃப்எம்பெக் என்ற மென்பொருள் மூலம் எம்பி4 ஆக மாற்றுகிறேன் (என்கோடிங்). துபாயில் உள்ள உறவினர்கள் அன்றிரவே பார்க்க வேண்டும் என்கிறார்கள். என்கோடிங் நடக்கும்போதே லிங்க் கொடுத்தால் கறுப்புத் திரைதான் வருகிறது. என்ன செய்யலாம்?

பதில்: தாராளமாகக் காட்டலாம். ஆனால் சாதாரண ஒற்றை எம்பி4 ஃபைலாகக் காட்ட முடியாது.

எந்த ஃப்ரேம் ஃபைலில் எந்த இடத்தில் இருக்கிறது என்ற அட்டவணை எம்பி4-க்குள் 'மூவ்' என்ற பகுதியில் இருக்கிறது. எல்லா ஃப்ரேம்களும் எழுதி முடிந்த பிறகே அது எழுதப்படுகிறது. அதுவரை பிரவுசருக்கு எதுவும் புரியாது. 'ஃபாஸ்ட்ஸ்டார்ட்' போடச் சொல்லிப் பலர் யோசனை தருவார்கள். முடிந்த ஃபைலில் அட்டவணையை முன்னுக்குக் கொண்டுவருவதுதான் அதன் வேலை. உங்களுக்கு அது உதவாது.

உங்களுக்கு ஏற்றது, ஆப்பிள் 2009-இல் கொண்டுவந்த எச்எல்எஸ் முறை. வீடியோ சில விநாடித் துண்டுகளாக வெட்டப்படும். ஒவ்வொரு துண்டும் முடிந்ததும் அதன் பெயர் எம்3யு8 என்ற பட்டியலில் சேரும். பிரவுசர் அந்தப் பட்டியலைத் திரும்பத் திரும்பப் படித்து, புதிய துண்டுகளை வாங்கிக்கொள்ளும். சஃபாரி இதை நேரடியாக ஓட்டும். மற்ற பிரவுசர்களுக்காகப் பக்கத்தில் எச்எல்எஸ்.ஜேஎஸ் நிரலைச் சேர்த்துவிடுங்கள். பட்டியல் மாறிக்கொண்டே இருப்பதால், அந்த ஃபைலை மட்டும் சர்வர் கேஷ் செய்யக் கூடாது, அதாவது சேமித்து வைத்த பழைய பிரதியைக் கொடுக்கக் கூடாது.

பலர் தடுமாறுவது அமைப்புகளில்தான். எஃப்எஃப்எம்பெக் இயல்பாகப் பட்டியலில் கடைசி 5 துண்டுகளை மட்டுமே வைத்திருக்கும். அப்படியே விட்டால், சற்றுத் தாமதமாக வருபவருக்கு மாப்பிள்ளை அழைப்பு கிடைக்காது. பட்டியல் வகையை 'ஈவென்ட்' என்று கொடுங்கள். எல்லாத் துண்டுகளும் நிலைக்கும். அப்போதும் எச்எல்எஸ்.ஜேஎஸ் இதை நேரலை என்று எடுத்துக்கொண்டு கடைசித் துண்டுகளுக்குத் தாவிவிடும். அதன் 'ஸ்டார்ட் பொசிஷன்' மதிப்பை 0 என்று வைத்தால் முதலிலிருந்து ஓடும்.

துண்டின் நீளம் 4 விநாடி போதும். ஆனால் கீஃப்ரேம், அதாவது மற்ற ஃப்ரேம்களின் துணையின்றித் தானே முழுப் படமாக இருக்கும் ஃப்ரேம், உள்ள இடத்தில்தான் வெட்ட முடியும். எஃப்எஃப்எம்பெக்கில் என்கோடிங் செய்யும் எக்ஸ்264 நிரல் கீஃப்ரேம்களுக்கு இடையே தானாக வைக்கும் உச்ச இடைவெளி 250 ஃப்ரேம். விநாடிக்கு 25 ஃப்ரேம் வீடியோவில் அது 10 விநாடி. நீங்கள் 4 என்று கேட்டாலும் 10 விநாடித் துண்டுகள் வரக்கூடும். கீஃப்ரேம் இடைவெளியை 100 ஆக்குங்கள்.

உங்கள் கேமரா 10 பிட், 4:2:2 முறையில் (கூடுதல் நிற விவரத்துடன்) பதிவு செய்வதாக இருந்தால் பிக்ஸல் வடிவத்தை 8 பிட் 4:2:0 என்று கட்டாயம் குறிப்பிடுங்கள். குறிப்பிடாவிட்டால் எக்ஸ்264 மூலத்தின் வடிவத்தையே தொடரும். பெரும்பாலான பிரவுசர்களில் படம் வராது. உங்கள் கறுப்புத் திரைக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம், பார்த்துவிடுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேல் வேகம். எஃப்எஃப்எம்பெக் ஓடும்போது கடைசி வரியில் 'ஸ்பீட்' என்று ஒரு எண் தெரியும். வீடியோ ஓடும் வேகத்தைப் போல் எத்தனை மடங்கு வேகத்தில் என்கோடிங் நடக்கிறது என்பதே அது. அது 1-க்கு மேல் இருந்தால் கவலையில்லை. 0.8 என்றால் ஒரு மணி நேர வீடியோவுக்கு 75 நிமிடம் ஆகும். என்கோடிங் தொடங்கி 15 நிமிடம் கழித்து லிங்க் அனுப்பினால்தான் இடையில் நிற்காமல் ஓடும். 0.5 என்றால் ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். அதைவிட, என்கோடிங் வேகத்தைத் தீர்மானிக்கும் 'பிரீசெட்' அமைப்பை 'வெரிஃபாஸ்ட்' என்று மாற்றுவது நல்லது. அன்றிரவு பார்ப்பதற்கு அந்தத் தரம் போதும். குடும்பத்தார் பத்திரப்படுத்தும் பிரதியை நிதானமாகத் தனியே செய்து கொடுங்கள்.

என்கோடிங் முடிந்ததும் பட்டியலின் இறுதியில் 'எண்ட்லிஸ்ட்' என்ற வரி தானாக விழும். அதன் பிறகு அதே லிங்க் சாதாரண வீடியோவாக வேலை செய்யும். நடுவில் கரண்ட் போனால் அந்த வரி விழாது. பிளேயர் அடுத்த துண்டுக்காகக் காத்துக்கொண்டே இருக்கும். அப்போது உடனே புதிய ஃபோல்டரில் முதலிலிருந்து என்கோட் செய்து, புது லிங்க்கை அனுப்பிவிடுங்கள்.