ஒரு லைசென்ஸ், மூன்று கொம்பியூட்டர்: எங்கே ஓடும், எங்கே ஓடாது?

புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வீட்டில் டெஸ்க்டொப் ஒன்று, கோவலன் கூத்துப் பதிவுக்குக் கொண்டு திரிய லப்டொப் ஒன்று, கிளிநொச்சியில் அவருடைய கூட்டாளியிடம் இன்னொரு கொம்பியூட்டர். றெக்கோர்டிங் சொப்ட்வெயார் ஒன்றைக் காசு கொடுத்து வாங்கப்போகிறாராம், அந்த ஒரு லைசென்ஸை மூன்றிலும் போடலாமா என்பது கேள்வி.

முதல் இரண்டுக்கும் பெரும்பாலும் ஓம். மூன்றாவது, அதற்கு முன்னால் யார் இருக்கப்போகிறார் என்பதைப் பொறுத்தது. நீங்களே பஸ் ஏறிப் போய் அங்கே இருந்து மிக்ஸ் பண்ணினால் ஒரு கதை. நீங்கள் வீட்டில் வேலை செய்கிற அதே நேரம் கூட்டாளி அங்கே தன்பாட்டில் வேலை செய்தால் அது வேறு கதை, அதற்கு இரண்டு லைசென்ஸ் வேண்டும்.

இந்த விசயத்தில் எல்லாரும் குழம்புவது ஏனென்றால், ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொன்றை எண்ணுகிறது. சிலர் ஆளை எண்ணுகிறார்கள், சிலர் கொம்பியூட்டரை, சிலர் சாவியை.

ஆளை எண்ணுகிறதில் நமக்குத் தோதானது ரீப்பர் என்ற றெக்கோர்டிங் சொப்ட்வெயார். எத்தனை கொம்பியூட்டரிலும் போடலாம், ஒரு நேரத்தில் ஒன்றில் மட்டும் பாவிக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. லைசென்ஸ் என்பது ஒரு சின்னக் கோப்பு. ஒருக்கா காட்டிவிட்டால் பிறகு இணையமே தேவையில்லை. பென் டிரைவிலேயே முழு சொப்ட்வெயாரையும் நிறுவி, லைசென்ஸையும் அதற்குள் வைத்து, எந்தக் கொம்பியூட்டரில் செருகினாலும் உங்கள் செற்றிங்ஸோடு திறக்கலாம். தனிப்பட்ட பாவனைக்கும், ஆண்டு வருமானம் 20,000 டொலருக்கு மேற்படாத தொழிலுக்கும் விலை 60 டொலர். 60 நாள் சும்மா பாவித்துப் பார்க்கவும் விடுகிறார்கள். எஃப்எல் ஸ்ரூடியோவும் உங்களுக்குச் சொந்தமான கொம்பியூட்டர்களில் போட விடும். ஆனால் அதில் ஆகக் குறைந்த விலைக்கு வருகிற ஃபுரூட்டி பதிப்பை வாங்கிவிடாதீர்கள், குரல் பதிய முடியாது. புரொடியூசர் பதிப்பாவது வேண்டும். கடையில் இதை யாரும் சொல்லமாட்டார்கள்.

கொம்பியூட்டரை எண்ணுகிறவர்களில் ஏபிள்டன் லைவ் இரண்டுக்கு அனுமதி தரும், கியூபேஸ் மூன்றுக்கு. மூன்று என்றதும் கூட்டாளியின் கொம்பியூட்டரையும் சேர்த்து எண்ண வேண்டாம், அந்த மூன்றும் ஒரே ஆளுக்குத்தான்.

சாவி வகைக்கு உதாரணம் புரோ ரூல்ஸ். அதன் லைசென்ஸ் ஐலொக் என்ற முறையில் வருகிறது. கொம்பியூட்டரில், அல்லது ஐலொக் யுஎஸ்பி சாவியில், அல்லது இணையத்தில், இந்த மூன்றில் ஏதாவது ஓரிடத்தில் மட்டும் அது இருக்கும். இணையத்தில் வைப்பது சுகம் என்று தோன்றும். ஆனால் வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளை அம்மன் கோயிலில் சனம் கூடுகிற இரவை நினைத்துப் பாருங்கள்: அவ்வளவு பேரும் ஃபோனும் கையுமாக நிற்க, ஒரு அழைப்பு எடுக்கவே சிக்னல் திணறும். இணையச் சாவிக்குத் தொடர்ந்து இணைப்பு இருந்தாக வேண்டும், அது அறுந்தால் சொப்ட்வெயாரும் நின்றுவிடும், கூத்தை நடத்துகிற அண்ணாவியார் பாட்டை எடுத்துவிட்ட பிறகு ‘ஒருக்கா நில்லுங்கோ ஐயா, இன்டர்நெட் வரட்டும்’ என்று சொல்லவா முடியும்? வெளியே போய்ப் பதிகிறவருக்கு யுஎஸ்பி சாவி, இல்லாவிட்டால் லப்டொப்பிலேயே லைசென்ஸை இறக்கி வைப்பதுதான் சரி.

கொம்பியூட்டரை எண்ணுகிற லைசென்ஸில் இன்னொரு வில்லங்கம் உண்டு, நான் பட்டது. ஒரு மாரி காலத்து இடியில் என் டெஸ்க்டொப்பின் மதர்போர்ட் எரிந்தது. புதியதில் சொப்ட்வெயாரைப் போட்டால் ‘அனுமதி முடிந்தது’ என்கிறது, எரிந்துபோனதும் கணக்கில் ஒன்றாக நிற்கிறது. மின்னஞ்சல் எழுதி, வாங்கிய பற்றுச்சீட்டை அனுப்பி, விடுபட நாலு நாள் போனது. எரிவதை நாம் தடுக்க முடியாது. ஆனால் ஃபோர்மட் அடிக்கும் முன், லப்டொப்பை விற்கும் முன், பழையதில் அனுமதியை நீக்கிவிட்டுச் செய்யுங்கள். பற்றுச்சீட்டு மின்னஞ்சலை அழிக்கவே வேண்டாம்.

பிளகின்களை, அதாவது பெரிய சொப்ட்வெயாருக்குள் செருகிப் பாவிக்கிற சின்னச் சொப்ட்வெயார்களை, மறந்துவிடாதீர்கள். பெரிய சொப்ட்வெயார் மூன்று கொம்பியூட்டரில் திறந்தாலும் உள்ளே இருக்கிற, எதிரொலி சேர்க்கிற ரிவேர்ப், சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கிற கொம்பிரசர் ஒவ்வொன்றுக்கும் தனி லைசென்ஸ் இருக்கலாம். வேவ்ஸ் என்ற நிறுவனத்தின் பிளகின் என்றால் லைசென்ஸைச் சாதாரண பென் டிரைவில் வைத்துக் கொண்டு திரியலாம், மற்றவற்றுக்கு ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். கிராக் போட்ட பிளகின் ஒன்றை இடையில் செருகி, மற்றக் கொம்பியூட்டரில் புரொஜெக்ட் திறக்காமல் போய் என்னிடம் வந்தவர்கள் கொஞ்சப் பேரில்லை.

சரி, கிளிநொச்சிக் கூட்டாளிக்கு என்ன வழி? லைசென்ஸை அனுப்ப வேண்டாம், பாட்டை அனுப்புங்கள். அண்ணாவியாரின் குரல், மத்தளம், தாளம், பிற்பாட்டு என்று ஒவ்வொரு டிராக்கையும் தனித்தனி வேவ் (WAV) ஒலிக்கோப்பாக எடுங்கள். எல்லாம் பூச்சியத்திலிருந்தே தொடங்க வேண்டும், தாளம் மூன்றாம் நிமிசத்தில்தான் வருகிறது என்றாலும் அதன் கோப்பு பூச்சியத்திலிருந்துதான். அப்படியென்றால் அவர் எந்தச் சொப்ட்வெயாரில் இழுத்துப் போட்டாலும் எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தி நிற்கும். 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிட் தரத்தில் பதிந்த ஒரு மோனோ டிராக் நிமிசத்துக்கு எட்டரை எம்பிக்குச் சற்று மேல். எட்டு டிராக், ஒரு மணித்தியாலம் என்றால் நாலு ஜிபி தாண்டும். டேட்டாவில் ஏற்றி மினக்கெடுவதைவிட, பரந்தன் பக்கம் போகிற ஆரிடமாவது பென் டிரைவைக் கொடுத்துவிடுவது சுலபம்.

என்னைக் கேட்டால் நீங்கள் ரீப்பர் ஒன்று வாங்குங்கள், கூட்டாளியும் அந்த 60 நாளைப் பாவித்துப் பார்த்துவிட்டுத் தனக்கொன்று வாங்கட்டும். அப்புறம், பதிவுக்குப் போகும் முதல்நாள் பின்னேரம் லப்டொப்பில் வைஃபையை நிறுத்தி, முழுதாக மூடித் திறந்து, ஐந்து நிமிசம் எதையாவது பதிந்து பாருங்கள். லைசென்ஸ் கேட்டால் வீட்டிலேயே கேட்கட்டும்.