வாசகர் கேள்வி: வட்டுக்கோட்டை செமினரி ஏன் மூடப்பட்டது?

கேள்வி: சபைகள் நடத்திய சின்னக் கல்லூரிகள் மதமாற்றத்துக்கு மட்டும்தானே? அப்படியானால் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டை செமினரியை மிஷனே ஏன் மூடியது? (வாசகர், திருச்சி)

பதில்: உங்கள் இரண்டாவது கேள்வியிலேயே முதல் கேள்விக்குப் பதில் இருக்கிறது. அமெரிக்கக் கிறிஸ்தவ மிஷன் 1823-இல் அந்த செமினரியை, அதாவது உயர்கல்விக் கூடத்தை, தொடங்கியது. டேனியல் பூர் முதல் தலைவர். பைபிளோடு கணிதமும் வானியலும் நடத்தினார்கள். ஆங்கிலம் மட்டுமல்ல, தமிழும் முக்கியமான பாடம். எனக்கு அங்கே மிகவும் பிடித்த விஷயம் அதுதான்.

அப்புறம்தான் சிக்கல். படித்து முடித்தவர்கள் சபை ஊழியத்துக்கு வருவதைவிட அரசாங்க உத்தியோகத்துக்குப் போவதே அதிகமாக இருந்தது. இங்கிலீஷ் படிப்பு வேலைக்குத்தான் வழிகாட்டுகிறது, சபைக்கு ஆள் சேர்க்கவில்லை என்று மிஷன் தலைமை முடிவுகட்டியது. மிஷன் தலைமையகத்தின் செயலாளர் ரூஃபஸ் ஆண்டர்சன் அமெரிக்காவிலிருந்து நேரில் வந்து பார்த்த 1855-இலேயே கதவைச் சாத்தினார்கள். கணக்குப் பார்க்கிறவர்களுக்கு அது சரியாகப் பட்டிருக்கலாம். எனக்கு இன்றும் மனம் ஆறவில்லை.

ஏனென்றால் இரண்டே ஆண்டில், 1857-இல், சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளான சி.வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும் இங்கே படித்தவர்களே. ஓலைச்சுவடியில் கிடந்த கலித்தொகையை 1887-இல் அச்சேற்றிய அதே தாமோதரம்பிள்ளைதான். சங்க இலக்கியம் வாசிக்கும் நாம் எல்லோரும் அந்த வகுப்பறைக்குக் கடன்பட்டிருக்கிறோம்.

மூடியதை ஊர் ஏற்றுக்கொள்ளவில்லை. உள்ளூர்க் கிறிஸ்தவர்கள் விடாமல் முயன்றதால், 1872-இல் அதே வட்டுக்கோட்டையில் யாழ்ப்பாணக் கல்லூரி திறக்கப்பட்டது.