குடும்பப் படங்களையும் சான்றிதழ்களையும் கிளவுடில் வைப்பது நல்லதா, ஆபத்தா?

குடும்பப் படங்கள், சான்றிதழ்கள், வீட்டுப் பத்திரத்தின் ஸ்கேன் எல்லாவற்றையும் கிளவுடில், அதாவது இணையம் வழியாக கூகுள் போன்ற நிறுவனங்களின் கணினிகளில், போட்டு வைப்பதில் என்ன நன்மை, என்ன தீமை என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக வையுங்கள். ஆனால் அங்கே மட்டும் வைக்காதீர்கள். வேளச்சேரிப் பக்கம் லேப்டாப், செல்போன் சர்வீஸ் கடை நடத்துகிறேன். கோப்புகளைத் தொலைத்துவிட்டு வருகிறவர்களைத் தினமும் பார்ப்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் பகுதியில் தரைத்தள வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. வடிந்த பிறகு கடைக்கு வந்ததெல்லாம் சேற்றில் ஊறிய லேப்டாப்பும் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கும்தான். சாக்கடை கலந்த தண்ணீரில் கிடந்த டிஸ்க்கைத் திருப்பிப் பார்த்தால், அடியில் இருக்கும் பச்சை போர்டின் ஓரமெல்லாம் களிம்பு ஏறியிருக்கும். போர்டு மட்டும் போயிருந்தால் ஏதாவது முயன்று பார்க்கலாம். உள்ளே சுழலும் தட்டில் சேறு இறங்கிவிட்டால் என்னைப் போன்ற கடைக்காரரால் ஒன்றும் செய்ய முடியாது. தூசி புகாத அறை வைத்திருக்கும் டேட்டா ரெக்கவரி நிறுவனத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். செலவைக் கேட்டதும் பலர் அந்த டிஸ்க்கைப் பிளாஸ்டிக் பையில் போட்டு அப்படியே வீட்டுக்கு எடுத்துப் போனார்கள். அதே வாரம், போனையும் லேப்டாப்பையும் சேர்த்துப் பறிகொடுத்த ஒரு கல்லூரி மாணவி புதுப் போனோடு வந்தார். தன் கூகுள் கணக்கில் நுழைந்ததும் பள்ளிக்கூடப் படங்களிலிருந்து எல்லாம் வரிசையாக வந்து நின்றன. வெள்ளம், திருட்டு, பேருந்தில் தவறவிட்டது போன்றவற்றிலிருந்து காப்பாற்ற கிளவுடைவிட எளிய வழி எனக்குத் தெரிந்து இல்லை.

சரி, ஆபத்து எங்கே? ஹேக்கர் திருடிவிடுவானா என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். கடவுச்சொல்லை நீளமாக வைத்து, இரண்டு அடுக்குச் சரிபார்ப்பையும் (கடவுச்சொல்லோடு ஓடிபி போன்ற இன்னொன்றையும் கேட்பது) போட்டுவிட்டால் அந்தப் பயம் பெருமளவு குறைந்துவிடும். நான் பார்த்தவரையில் அதிகம் நடப்பது வேறு: கணக்கே கைவிட்டுப் போவது. நம் ஊரில் பலருடைய கணக்குக்கு ஒரே சாவி, ஓடிபி வரும் செல் நம்பர். ரீசார்ஜ் செய்யாமல் விட்டு அந்த நம்பர் துண்டிக்கப்பட்டால், 90 நாள் கழித்து அதை வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2023-இல் உச்ச நீதிமன்றத்திலேயே இதைச் சொல்லியிருக்கிறது. நம்பர் போனபின் புதுப் போனில் கணக்கைத் திறக்கப் போனால் ஓடிபி யாரோ ஒருவருக்குப் போகும். இருபது வருடப் படங்கள் அங்கே பத்திரமாகத்தான் இருக்கும், உள்ளே போகத்தான் உங்களுக்கு வழி இருக்காது.

அடுத்தது, சிங்க்கையும் (போனில் செய்யும் மாற்றம் கிளவுடிலும் தானாக நடப்பது) பேக்கப்பையும் (தனியாக எடுத்து வைக்கும் நகல்) ஒன்று என்று நினைப்பது. "போன்ல இடமே இல்லண்ணா, கிளவுட்ல இருக்குதேன்னு போன்ல இருந்ததை அழிச்சேன்" என்று வருகிறவர்கள் நிறைய. கூகுள் போட்டோஸ் செயலிக்குள் ஒரு படத்தை அழித்தால் கிளவுடிலும் அது சேர்ந்தே போய்விடும். பேக்கப் ஆன படம் குப்பைத் தொட்டியில் 60 நாள் இருக்கும், அதற்குள் ஞாபகம் வந்தால் தப்பித்தீர்கள். போனில் மட்டும் இடத்தைக் காலி செய்ய அந்தச் செயலியிலேயே தனித் தெரிவு இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். இன்னொன்று, கேமராவில் எடுத்த படங்கள்தான் தானாக மேலே ஏறும். வாட்ஸ்அப்பில் வந்த கல்யாணப் படம், குழந்தையின் ஸ்கேன் ரிப்போர்ட் எல்லாம் வேறு ஃபோல்டரில் இருக்கின்றன. அந்த ஃபோல்டருக்கும் பேக்கப்பை நீங்கள்தான் ஆன் செய்ய வேண்டும். எல்லாம் ஏறிவிட்டது என்று நம்பி போனை ஃபார்மட் செய்தவர்களுக்கு ஆறுதல் சொல்வதே எனக்குக் கஷ்டமாக இருக்கும்.

பணம் பற்றியும் யோசித்துக்கொள்ளுங்கள். கூகுள் இலவசமாகத் தருவது 15 ஜிபி. மெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றும் அதற்குள் அடங்க வேண்டும். ஆப்பிளின் ஐகிளவுடும் மைக்ரோசாஃப்டின் ஒன்டிரைவும் 5 ஜிபி. கூகுள் போட்டோஸ் ஒரு காலத்தில் அளவில்லாமல் படங்களை ஏற்றுக்கொண்டது. 2021 ஜூன் 1-இலிருந்து அது நின்றுபோனது. இரண்டு வருடம் தொடாமல் கிடக்கும் கணக்குகளை 2023 டிசம்பரிலிருந்து அழிக்கவும் தொடங்கினார்கள். விதி அவர்களுடையது, மாற்றும்போது நம்மைக் கேட்பதில்லை.

பெரிய இடம், அங்கே எதுவும் ஆகாது என்று சொல்கிறவர்களுக்கு நான் தென் கொரியாவைத்தான் காட்டுவேன். 2025 செப்டம்பரில் டேஜான் நகரில் இருந்த அரசு டேட்டா சென்டரில் பேட்டரி தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் தங்கள் வேலைக் கோப்புகளை வைத்திருந்த, அந்த அரசின் சொந்தக் கிளவுடான ஜி-டிரைவில் சுமார் 858 டெராபைட் (ஒரு டெராபைட் என்பது சுமார் ஆயிரம் ஜிபி) போய்விட்டது. வெளியே இன்னொரு நகல் இல்லை. ஓர் அரசாங்கத்துக்கே அந்தக் கதி.

அந்தரங்கம் பற்றியும் கேட்பீர்கள். டிரைவ் போன்றவற்றில் நீங்கள் சாதாரணமாகப் போட்டு வைக்கும் கோப்பு பூட்டித்தான் இருக்கிறது, ஆனால் சாவி நிறுவனத்திடம். அவர்களுடைய கணினிகளால் அதை அலசிப் பார்க்க முடியும். சான் பிரான்சிஸ்கோவில் ஒரு தந்தை, உடம்பு சரியில்லாத தன் மகனின் படத்தை மருத்துவருக்காக எடுத்தார். கூகுளின் தானியங்கிச் சோதனை அதைக் குழந்தைகளைத் தவறாகக் காட்டும் படம் என்று பிடித்து அவர் கணக்கையே முடக்கியது. போலீஸ் விசாரித்துக் குற்றமில்லை என்று சொன்ன பிறகும் கணக்கு திரும்பவில்லை. மெயில், படங்கள் எல்லாம் போனது. 2022-இல் பத்திரிகைகளில் வந்த செய்தி இது. அதனால் மருத்துவக் கோப்பு, கடவுச்சொல் பட்டியல் போன்றவற்றை கிரிப்டோமேட்டர் போன்ற இலவச மென்பொருளால் நீங்களே பூட்டிவிட்டு ஏற்றுங்கள். சாவி உங்களிடமே இருக்கும். அந்தக் கடவுச்சொல்லை மறந்தால் யாராலும் திறக்க முடியாது என்பதையும் தெரிந்துகொண்டு செய்யுங்கள்.

சான்றிதழ்களுக்கு மத்திய அரசின் டிஜிலாக்கர் செயலி நல்லது, ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. துறையிலிருந்து நேரடியாக அதில் வரும் ஓட்டுநர் உரிமம், மதிப்பெண் பட்டியல் போன்றவை சட்டப்படி அசலுக்குச் சமம். நீங்கள் ஸ்கேன் செய்து ஏற்றியது வெறும் நகல்தான். மூலப்பத்திரத்தை ஏற்றிவிட்டோம் என்று காகிதத்தை அலட்சியமாக விட்டுவிடாதீர்கள்.

நான் வாடிக்கையாளர்களிடம் வற்புறுத்துவது இவ்வளவுதான். கிளவுடில் ஒன்று, வீட்டில் ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று என்று இரண்டு நகல் இருக்கட்டும். கணக்கில் இருப்பதை மொத்தமாக இறக்க கூகுளே தரும் டேக்அவுட் வசதி வழியாக அவ்வப்போது எல்லாவற்றையும் இறக்கிக்கொள்ளுங்கள். இறக்குவதற்கான லிங்க் ஒரு வாரம்தான் செல்லும், தள்ளிப்போடாதீர்கள். ஓடிபி வராத நாளுக்காக கூகுள் 10 பேக்கப் எண்கள் தருகிறது. அவற்றை அச்செடுத்து ரேஷன் கார்டோடு வையுங்கள். இரண்டு நிமிட வேலை, செய்தவர்கள்தான் குறைவு.

கடைசியாக ஒன்று. போன மழைக்காலத்துக்கு முன் ஓர் அம்மா தன் கணவரின் போனோடு வந்தார். கணவர் இறந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. பேட்டர்ன் தெரியாது, மெயில் முகவரி மட்டும் ஒரு டைரியில் இருந்தது. சிம்மும் துண்டிக்கப்பட்டுவிட்டது. "நம்பர் போனா போட்டோவும் போயிடுமா தம்பி?" என்று கேட்டார். இறப்புச் சான்றிதழோடு நிறுவனத்துக்கு விண்ணப்பிக்க வழி உண்டு. எழுதிக் கொடுத்தேன். கொடுப்பதும் மறுப்பதும் அவர்கள் முடிவு. கணவரே உயிரோடு இருக்கும்போது கூகுள் கணக்கில் இருக்கும் செயலற்ற கணக்கு மேலாளரில் (நெடுநாள் தொடாத கணக்கில் இருப்பதை யாருக்குக் கொடுப்பது என்று முன்பே குறித்து வைக்கும் அமைப்பு) அந்த அம்மாவின் மெயிலைச் சேர்த்திருந்தால், அவர் குறித்து வைத்த அத்தனை மாதம் கணக்கு தொடாமல் கிடந்த பிறகு படங்கள் தாமாகவே இவருக்குக் கிடைத்திருக்கும். ஐபோன்காரர்களுக்கு இதைப் போன்ற வசதி லெகசி கான்டாக்ட் என்ற பெயரில் ஆப்பிள் கணக்கின் அமைப்புகளில் இருக்கிறது. உங்கள் கணக்கில் இன்றைக்கே வீட்டில் ஒருவர் பெயரைச் சேர்த்துவிட்டு, சேர்த்ததை அவரிடமும் சொல்லிவிடுங்கள்.