வந்தவளைக் கொஞ்சம் கவனித்தால்

அன்புள்ள ஐயா,

சென்ற வாரம் நீங்கள் கொடுத்திருந்த மூன்று கிரிப்டிக், அதாவது விடையைச் சொல்விளையாட்டில் ஒளித்துவைக்கும், குறுக்கெழுத்துக் குறிப்புகளோடு மல்லுக்கட்டினேன். 'ஒரு மரத்தின் பின்னே ஓட்டை, இன்னொரு மரம் தெரிகிறது (3)' மட்டும் பிடிபட்டது. மா, துளை, மாதுளை, மூன்றெழுத்து. மற்ற இரண்டும் விடை பார்த்த பிறகும் விளங்கவில்லை.

'வந்தவளைக் கொஞ்சம் கவனித்தால் மழைக்குக் கத்துவது புரியும் (3).' விடை தவளை. மழைக்குக் கத்துவது தவளை, சரி. வந்தவள் யார்? அவளுக்கு இங்கே என்ன வேலை? 'மதுரைத் தலைமையில் தகரம் உருமாறி ரத்தினம் (5)' என்பதற்கு மரகதம் என்கிறீர்கள். நான் வைடூரியம் என்று எழுதியிருந்தேன். அதுவும் ரத்தினம், அதுவும் ஐந்தெழுத்து. அது ஏன் தவறு? ஆங்கிலத்துக்கென்றே உண்டான இந்த விளையாட்டைத் தமிழில் வலிந்து செய்கிறோமோ என்றும் தோன்றுகிறது.

அன்புடன்,
ஆர்.

அன்புள்ள ஆர். அவர்களுக்கு,

வைடூரியத்திலிருந்தே தொடங்குகிறேன். நவரத்தினங்களில் ஐந்தெழுத்துக்காரர்கள் நான்கு பேர்: மரகதம், மாணிக்கம், வைடூரியம், கோமேதகம். சாதாரணக் குறுக்கெழுத்தில் 'ஒரு ரத்தினம் (5)' என்று மட்டும் போட்டிருப்பார்கள். நான்கில் ஒன்றைப் பென்சிலால் எழுதிவிட்டு, மேலிருந்து கீழ் வரும் சொல் என்ன சொல்கிறதென்று காத்திருக்க வேண்டியதுதான். கிரிப்டிக் குறிப்பில் அந்தக் காத்திருப்பு வேண்டாம். குறிப்பின் ஒரு பகுதி விடையின் நேர்ப்பொருள், இன்னொரு பகுதி அதே விடைக்கு எழுத்தெழுத்தாக வழி. இரண்டும் ஒரே சொல்லில் போய் முடிய வேண்டும்.

மதுரையின் தலை 'ம'. தகரம் என்பதில் த, க, ர, ம். த-வும் ர-வும் இடம் மாறினால் ரகதம். ம தலைமையேற்க, பின்னால் உருமாறிய தகரம் வந்தால் மரகதம். மாணிக்கம் ஏன் ஆகாது? அது மா-வில் தொடங்குகிறது. ம ஒரு எழுத்து, மா வேறு எழுத்து. வைடூரியத்துக்கும் கோமேதகத்துக்கும் மதுரைப் பக்கமே வழியில்லை. கட்டத்தில் வேறு ஓர் எழுத்துகூட விழாத நிலையிலும் இதுதான் விடை என்று அடித்துச் சொல்லலாம். எனக்கு இந்த விளையாட்டின் மேல் இருக்கும் பற்றெல்லாம் அந்த நிச்சயத்துக்காகத்தான்.

இப்போது வந்தவளிடம் வருவோம். அந்தப் பெண்ணை மறந்துவிடுங்கள். குறிப்பில் இருப்பவை வ, ந், த, வ, ளை என்ற எழுத்துகள். 'கொஞ்சம் கவனித்தால்' என்பது அவற்றில் ஒரு பகுதியை மட்டும் பார் என்ற கட்டளை. கடைசி மூன்றைப் பாருங்கள், உட்கார்ந்திருக்கிறது. யாரோ வந்தாள், எதற்கோ கத்துகிறாள் என்று மனசுக்குள் கதை ஓடும்வரை தவளை கண்ணில் படாது. குறிப்பை ஒருமுறை வாக்கியமாகப் படியுங்கள். அதன்பிறகு ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி 'உனக்கு என்ன வேலை?' என்று கேளுங்கள். நீங்கள் வந்தவளிடம் கேட்டது மிகச் சரியான கேள்வி.

ஏனென்றால் நல்ல குறிப்பில் வேலையில்லாத சொல் இருக்கக்கூடாது. 'புரியும்' என்பதுகூட வழியையும் பொருளையும் இணைக்கும் பாலம். நேர்ப்பொருள் குறிப்பின் தொடக்கத்திலோ முடிவிலோ நிற்க வேண்டும், அதற்குப் பின்னால் வினைச்சொல் வரலாகாது என்று கறாரானவர்கள் சொல்லக்கூடும். வினை கடைசியில் வரும் மொழியில் அந்த அளவு இடம் கொடுக்கத்தான் வேண்டும் என்பது என் கட்சி. ஆனால் அழகுக்காக ஒரு சொல்லைக் கூடுதலாகச் சேர்ப்பதை நான் ஏற்கமாட்டேன். ஆஃப்ரிட் என்ற புனைபெயரில் புதிர் அமைத்த ஆங்கிலேயர் ஒருவர் 1949இல் இதற்கு விதி எழுதினார். புதிர் அமைப்பவர் சொன்னது ஒன்றும் கருதியது ஒன்றுமாக இருக்கலாம், ஆனால் கருதியதை அவர் சொல்லியிருக்க வேண்டும் என்பது அதன் சாரம். விளக்கம் எழுத உட்காரும்போதுதான் ஒரு குறிப்பு இதில் தேறுகிறதா என்று தெரியும். எந்தச் சொல்லுக்காவது விளக்கத்தில் இடமில்லை என்றால் குறிப்பில் கோளாறு. விடையை மட்டும் அச்சிட்டுவிட்டு விளக்கம் தராமல் போகும் பழக்கத்தை நான் எதிர்ப்பது இதனால்தான். விடையை முன்னால் தந்து விளக்கத்தைச் சில நாள் தள்ளித் தருவது வேறு. விடையைக் கையில் வைத்துக்கொண்டு பின்னோக்கி நடந்து பார்ப்பதைப் போலக் கற்றுக்கொள்ள வேறு நல்ல வழியில்லை.

ஆங்கில விளையாட்டா என்றால், பிறப்பு அந்த மொழியில்தான். ஆர்தர் வின் என்பவரின் முதல் குறுக்கெழுத்து 1913 டிசம்பர் 21 அன்று 'நியூயார்க் வேர்ல்டு' நாளிதழில் வந்தது. அதைக் கிரிப்டிக் ஆக்கியவர்கள் 1920களின் இங்கிலாந்துக்காரர்கள். ஆனால் முன்னிருந்தும் பின்னிருந்தும் ஒன்றுபோலவே வாசிக்கும் மாலைமாற்றைச் சம்பந்தர் பாடிய, காளமேகம் ஒரே பாட்டில் பாம்பையும் எள்ளையும் வைத்த மொழிக்கு எழுத்தோடு விளையாடுவது புதிதல்ல.

வலிந்து செய்கிறோமா என்பதற்கு மொழியின் இயல்பைத்தான் பார்க்க வேண்டும். உயிர்மெய்யைப் பிளக்க முடியாததால் எழுத்துகளைக் கலைத்துப் போடும் குறிப்புகள் ஆங்கிலம் அளவுக்குத் தாராளமாகக் கிடைக்காது. வேற்றுமை உருபு ஏறினால் தகரம் தகரத்தை, தகரத்தில் என்று மாறிவிடும், அதனால் அதை எழுவாயாகவே நிறுத்திக் கதை கட்ட வேண்டும். அதே உருபு வேறிடத்தில் கை கொடுக்கிறது. வந்தவள் என்பதில் தவளை இல்லை, ஐகாரம் ஏறி வந்தவளை ஆன பிறகுதான் இருக்கிறது.

விடுவிப்பவருக்கும் தமிழில் தனிச் சலுகைகள் உண்டு. மெய்யெழுத்தில் தமிழ்ச்சொல் தொடங்காது. நீங்கள் நிரப்பும் சொல்லின் மூன்றாம் கட்டத்திலிருந்து கீழே ஒரு சொல் புறப்படுகிறது என்றால், அங்கே புள்ளி வைத்த எழுத்து வராது. மூன்றாமெழுத்து க் என்பதால் மாணிக்கம் அப்போதே அடிபட்டுப்போகும், குறிப்பைப் படிக்கக்கூட வேண்டாம். குறுக்கே கிடைக்கும் ஓர் எழுத்து ஆங்கிலத்தில் 26இல் ஒன்று, நமக்கு 247இல் ஒன்று. கி என்று விழுந்தால் க, கா, கீ எல்லாம் ஒரேயடியாக விலகிவிடும். தமிழ்க் கட்டத்தில் ஒரு சொல் கிடைத்ததும் மற்றவை சரசரவென்று விழ இதுதான் காரணம்.

நிறையப் பயிற்சி வேண்டுமானால், அமெரிக்காவிலிருந்து வரும் 'தென்றல்' இதழில் வாஞ்சிநாதன் அமைத்த புதிர்களைத் தேடிப் பாருங்கள். தமிழில் இது இயல்பாக வருமா என்ற ஐயம் அங்கே தீர்ந்துவிடும்.

இன்றைக்கு ஒன்று மட்டும் தருகிறேன்: 'கம்பன் முதலாய் விதை சேர, விளைவது பாட்டு (3).' விடையோடு நிறுத்தாமல், எந்தச் சொல்லுக்கு என்ன வேலை என்ற விளக்கத்தையும் இம்முறை நீங்களே எழுதி அனுப்புங்கள்.